பரவல் முறை: சுவர் வழி

“நீங்க உயிரோட இருக்கீங்களேம்மா. அதான் இங்க பிரச்சினையே.”

“அப்ப நான் செத்துட்டு வரட்டுமா சார்?”

“கத்தாதீங்க. அதுக்கு வேற படிவம் இருக்கு. ஆனா அதை வாரிசுதான் கொண்டுவரணும். நீங்களே கொண்டுவந்தா வாங்க மாட்டோம்.”

“நான் எழுதின பாட்டு சார். எட்டுப் பாட்டும் நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடினது.”

“அதையேதான் நானும் சொல்றேன். நாட்டுப்பாட்டுன்னா எழுதினவர் யாருன்னு தெரியக் கூடாது. உங்களைப் பாருங்க, நல்லாத் தெரியறீங்க. வெளிச்சத்துல வேற நிக்கறீங்க.”

நாட்டுப்பாடல் தரநிர்ணய வாரியத்தின் மூன்றாம் மாடியில், ஏழாம் ஜன்னலில் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, நான் சுவரோர நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று எங்கள் தெருவில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில், ‘விண்ணப்பதாரரை நன்கறிந்த அண்டை வீட்டார் ஒருவர்’ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. எங்கள் தெருவில் எல்லோரையும் நன்கறிந்தவர் யார் என்று கேட்டால், நேற்றுக் குடிவந்தவர்கூட என் வீட்டைத்தான் காட்டுவார். அவ்வளவுதான் விஷயம். வேடிக்கையும் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை.

சண்டை போட்டவள் என் பக்கத்து வீட்டுப் பெண். வயது முப்பத்திரண்டு. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் வேலை; அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் ‘பெட்ரோல்’. கோபித்துக்கொள்ள மாட்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். எட்டு வருஷமாக அடுத்தவர் வண்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் பழைய கிடார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். லாரி டிரைவர் ஒருவர் வண்டியை விற்றுவிட்டுப் போகும்போது கொடுத்தாராம். எந்த டிரைவர், என்ன விவகாரம் என்றெல்லாம் நான் தீர விசாரித்துவிட்டேன். ஒன்றும் இல்லை. அவருக்கு அறுபத்தெட்டு வயது, விரலில் வாதம்.

அவள் அறைக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். தினமும் காலை ஆறு மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன் பாடிப் பார்ப்பாள். எல்லாம் சாலைப் பாட்டு. அதில் ஒன்று எனக்கே மனப்பாடமாகிவிட்டது:

*வர்ற வண்டிக்கெல்லாம் வயிறு நெரப்புறேன்,*
*ஒரு வண்டியும் கேக்கல, நீயும் வரியான்னு.*

அப்புறம் இரண்டாவது அடி (இரண்டு வரி சேர்ந்தால்தான் அவளுக்கு ஓர் அடி):

*மழைத்தண்ணி தேங்கின ரோட்டுல வானம் கெடக்குது,*
*மிதிச்சிட்டுப் போறவன் மேல பாக்கல.*

மூன்றாவது அடியும் உண்டு. அது எனக்குத் தெரியாது. எங்கள் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் என் பொறுப்பு. சரியாக ஆறு பத்துக்குப் போட்டுவிடுவேன். போட்டால் சுவர் அதிரும். பாட்டு அதற்குள் போய்விடும்.

பாட்டுப் பாடினோமா, வேலைக்குப் போனோமா என்று இருக்க வேண்டியதுதானே, வாரியம் எதற்கு என்று நானும் கேட்டேன். காரணம் அவள் அம்மா. அந்த அம்மாவுக்கு வலது காது போன வருஷமே போய்விட்டது. இடது காது இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் தினமும் மத்தியானம் ரேடியோவை இடது காதோடு ஒட்டவைத்துக்கொண்டு நாட்டுப்பாடல் நிகழ்ச்சி கேட்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அறிவிப்பாளர் ‘பாடலும் இசையும்’ என்று சொல்லி ஒரு பெயர் சொல்வாரில்லையா, அந்த இடத்தில் தன் பெயர் வர வேண்டும், அதை அம்மா காதால் கேட்க வேண்டும். பெட்ரோலுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஸ்டுடியோவில் எட்டுப் பாட்டையும் பதிவு செய்து முதல் ஆல்பத்தைத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் வாரியத்தின் சான்று எண் இல்லாமல் வானொலியில் ஒரு வரிகூடப் போட மாட்டார்கள்.

ஏழாம் ஜன்னல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

“கிடார் வாசிக்கிறீங்க, ரோடுன்னு பாடுறீங்க. இதுல நாட்டுப்புறமும் இருக்கு, கிராமியமும் இருக்கு. நாங்க நாட்டுப்புறம். கிராமியப் பிரிவு கீழ, நிலவறையில இருக்கு. அவங்க ஒத்துக்கிட்டா நாங்க பரிசீலிப்போம்.”

“ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே சார்?”

“நாங்க அவங்களோட பேசறதில்லம்மா. பதினோரு வருஷமாச்சு.”

நிலவறையில் கிராமியப் பிரிவுக்கு ஓர் அம்மணி இருந்தார். கூராகச் சீவிய பென்சில்கள் ஒன்பது, அளவு வாரியாக. தலைக்கு மேல் சுவரில் அங்கீகரிக்கப்பட்ட பொருட்களின் பட்டியல். முகத்தைப் பார்க்காமலே ஆரம்பித்தார்.

“மாடு இருக்கா?”

“இல்ல மேடம்.”

“ஆறு, குளம், ஓடை?”

“ஒரு பாட்டுல மழை பேஞ்சு ரோட்டுல தண்ணி தேங்கும்.”

அம்மணி பட்டியலை அண்ணாந்து பார்த்தார். “குட்டைன்னு எடுத்துக்கலாம். அரை மதிப்பெண்.”

“நாலாவது பாட்டுல நாய் வருது மேடம். எங்க பங்க் நாய்.”

“பால் கறக்குமா?”

“கறக்காது.”

“அப்ப கால்நடையில வராது.” பென்சிலால் ஒரு கோடு போட்டார். “இந்தப் பெட்ரோல் பங்க்கை கிணறுன்னு மாத்திக்கக் கூடாதா? அதுலயும் கீழ இருக்கறதைத்தான் மேல கொண்டுவர்றோம்.”

“லாரி எதுக்கு மேடம் கிணத்தடிக்கு வரும்?”

“அது உங்க கற்பனை வளம். பங்க் ஊர் எல்லையிலேர்ந்து எவ்வளவு தூரம்?”

“மூணு கிலோமீட்டர்.”

“நாலு இருந்தாத்தான் கிராமியம். நகர்த்த முடியாதா?”

பெட்ரோல் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? அண்டை வீட்டாருக்குக் கையெழுத்துப் போடத்தான் அதிகாரம். பங்க்கை நகர்த்த இல்லை. கடைசியில் அந்த அம்மணியே மனமிரங்கி, பங்க்குக்குப் பின்னால் சோளக்காடு இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு ‘நிபந்தனைக்குட்பட்ட கிராமியம்’ என்று முத்திரை குத்தினார். பின்னால் இருப்பது டயர் கிடங்கு. சோளக்காடு இருக்கிறது என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

அடுத்த மாதம் எளிமைத் தேர்வு. பாடுகிறவர் உண்மையிலேயே எளிய மனிதர்தானா என்று வல்லுநர் குழு நேரில் சோதிக்கும். குளிர்பதனம் செய்த பெரிய அறை. வாரியத் தலைவர் நடுவில். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் விழித்திருந்தார். பெட்ரோல் தன் பங்க் சீருடையிலேயே வந்திருந்தாள், வேலையிலிருந்து நேராக. அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் பாடுவதற்கு முன் கிடார் கம்பியை முறுக்கி ஸ்ருதி சேர்த்தாள் பாருங்கள், விழித்திருந்தவர் உடனே குனிந்து எழுதினார். வெளியே போகும்போது மேசையோரமாக வந்து பார்த்தேன், எனக்குத் தலைகீழாகப் படிக்க வரும். ‘விஷயம் தெரிந்தவர். ஐந்து கழிக்கவும்.’

வண்டிப் பாட்டைப் பாடி முடித்தாள். அங்கேயும் குளிர்சாதன இரைச்சல். நான் கடைசி வரிசை. மூன்றாவது அடி அன்றைக்கும் எனக்குக் கேட்கவில்லை. தலைவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு பேசினார். அவர் பேச்சு வழக்கில் பேச மாட்டார். அச்சடித்தது போலத்தான் வரும்.

“அம்மையே, மக்கள் இசைக்கு என்னை ஒப்புக்கொடுத்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மக்களோடு அதிகம் பழகினால் நடுநிலை கெட்டுவிடும் என்பதால், இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன். மக்களின் பாடல்களை மக்களிடமிருந்து காப்பாற்றுவதே எங்கள் பணி. அவர்கள் கையில் விட்டால் என்ன ஆகும்? பாடுவார்கள். பாடப் பாட மாற்றுவார்கள். இங்கே இரும்பு அலமாரியில் பதினான்காயிரம் பாடல்கள் உள்ளன. முப்பது ஆண்டுகளில் ஒன்றையும் ஒருவரும் பாடியதில்லை. அவ்வளவு தூய்மையாக வைத்திருக்கிறோம்.”

“என் பாட்டு நல்லா இருந்துச்சா சார்?” என்றாள் பெட்ரோல்.

“உங்கள் பாட்டில் ஒரு வலி இருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் ஏன் வலிக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். காரணம் சொல்லாமல் வலித்தால்தான் அது நாட்டுப்பாடல். முடிவு மூன்று மாதத்தில் தெரிவிக்கப்படும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள், “மூணு மாசம்னா அம்மாவுக்குக் கேக்கும்ல அக்கா?”

“தாராளமாக் கேக்கும்” என்றேன். காது டாக்டர் நானா?

இனிமேல் சொல்லப்போவதில் என் பங்கு கொஞ்சம் இருக்கிறது. தெருவில் இதைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த மூன்று மாதத்தில், ஆண்டுக் கடைசியில், காலை பதினோரு மணிக்கு என் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். ஒல்லியான ஆள், தோளில் ஒலிப்பதிவுக் கருவி, ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது. வாரியத்தின் பாடல் சேகரிப்பாளராம். வருஷத்துக்கு நாற்பது பாட்டுச் சேகரிக்க வேண்டும், முப்பத்தொன்பது ஆகிவிட்டது, அன்றைக்குத்தான் கடைசி நாள்.

“பாத்திரம் கழுவிக்கிட்டே ஏதோ பாடினீங்களேம்மா, படிக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. அதை இன்னொரு தடவை பாட முடியுமா?”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பாடச் சொன்னவர் எவரும் இல்லை. என் வீட்டுக்காரர் பேப்பர் எங்கே என்பதைத் தவிர வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாடினேன். முதல் அடி முடிந்த நேரம், வாசலில் குடிதண்ணீர் கேன் போடுகிறவர் வந்து நின்றார். பாட்டை விடாமல் அதே மெட்டில், “தண்ணிக்காரரே, நாளைக்கு ஒரு கேன் போதும்” என்று சொல்லி அனுப்பிவிட்டு இரண்டாவது அடியைப் பாடினேன். சேகரிப்பாளர் கண்ணில் தண்ணீர். செருப்பு அறுந்ததற்காகவும் இருக்கலாம்.

படிவத்தை எடுத்தார். “இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“சுவர் வழியா” என்றேன்.

‘பரவல் முறை: சுவர் வழி’ என்று எழுதிக்கொண்டார்.

“எழுதினது யாரு?”

“பக்கத்து வீட்டுப் பொண்ணுதாங்க. பெட்ரோல் பங்க்ல வேலை. அவ அப்பா சின்ன வயசுலயே விட்டுட்டுப் போயிட்டாரு, எங்க போனாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், அது ஒரு பெரிய கதை. அவ அம்மாவுக்கு வலது காது...”

கையை உயர்த்தினார். “அம்மா, இதுல ரெண்டே கட்டம்தான் இருக்கு. ‘அறியப்படாதவர்’, ‘காலமானவர்’. எதுல டிக் போடட்டும்?”

“ரெண்டும் இல்லீங்களே. அவ இப்ப பங்க்ல இருப்பா.”

“பங்க்குக்குக் கட்டம் இல்லம்மா.”

யோசித்துப் பார்த்தேன். உயிரோடு இருக்கிற பெண்ணை, அதுவும் முந்தின நாள்தான் எனக்குக் கறிவேப்பிலை கொடுத்த பெண்ணை, காலமானவர் என்று போட எப்படி மனசு வரும்? “அப்ப மொதல்ல இருக்கறதையே போடுங்க” என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

மூன்றாம் வாரம் எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. தங்கக் கரை, வட்ட முத்திரை, ‘மரபுத்தாங்கி, முதல் நிலை’ என்று என் பெயருக்குக் கீழே. “இடிதாங்கி கேள்விப்பட்டிருக்கேன்” என்றார் என் வீட்டுக்காரர். கண்ணாடிச் சட்டம் போட்டு, படியேறி வருகிறவர்கள் பார்வையில் படுகிற மாதிரி மாட்டினேன். பெட்ரோல் வேலையிலிருந்து வந்தவள் நின்று பார்த்தாள்.

“நல்லா இருக்கே அக்கா. எதுக்குக் குடுத்தாங்க?”

“சும்மா, ஏதோ பாடினதுக்கு.”

எதைப் பாடினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பத்து நாளில் அவளுக்கும் கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, நீங்க என்ன பாட்டு பாடினீங்க?”

“இப்ப ஞாபகம் இல்லையேம்மா.”

“நான் படிக்கிறேன், ஞாபகம் வருதா பாருங்க. ‘தங்கள் முதல் பாடல், வாரியத்தின் கடந்த ஆண்டுச் சேகரிப்பில் நாற்பதாம் எண்ணாக உள்ள மரபுப் பாடலின் சிதைந்த வடிவமாகும். மக்கள் சொத்தைத் தம் படைப்பு என உரிமை கோரியதற்கு விளக்கம் தரவும். மூல வடிவம் பின்வருமாறு.’ என் ரெண்டு அடி இருக்கு. நடுவுல, ‘தண்ணிக்காரரே, நாளைக்கு ஒரு கேன் போதும்’. இது யாரு எழுதினது?”

நான் சட்டத்தில் படிந்த தூசியைத் துடைத்தேன்.

“என் மூணாவது அடி எங்கக்கா?”

“மோட்டார் போட்டிருந்தேன்மா.”

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும். அவள் கத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அந்தச் சான்றிதழையே பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா ரேடியோ சத்தத்தை ஏற்றினார். முன்பெல்லாம் நாலில் வைப்பார். அன்றைக்கு ஒன்பதில் இருந்தது. என் சமையலறையில் டம்ளர் அதிர்ந்தது.

மேல்முறையீட்டுக்கு நானே கூடப் போனேன். தெருவில் இதையும் வேடிக்கை என்கிறார்கள். போய், தலைவர் முன்னால் எழுந்து நின்று, இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

“ஐயா, அது இந்தப் பொண்ணோட பாட்டுங்க. நான் சுவர் வழியாக் கேட்டதைத்தான் பாடினேன்.”

தலைவர் புன்னகைத்தார். “மரபுத்தாங்கிகளுக்கு இந்த அடக்கம் இயல்பு. எந்த ஊரில் எவரைக் கேட்டாலும், பக்கத்து வீட்டுக்காரர் பாட்டு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் அவருக்குப் பக்கத்து வீட்டைச் சொல்வார். மரபு என்பதே அதுதான்.”

“அந்தக் கேன் விஷயம் பாட்டே இல்லீங்க. தண்ணி போட வந்தவர்கிட்ட சொன்னது.”

“பார்த்தீர்களா? பாட்டு எங்கே முடிகிறது, வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை.” உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். அன்றைக்கு இருவருமே விழித்திருந்தார்கள். “அந்த வரியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். நாளைக்கு என்கிறாள், இன்றைக்கு என்று அவசரப்படவில்லை. ஒரு கேன் என்கிறாள், இரண்டு கேட்கவில்லை. போதும் என்கிறாள். அந்தப் ‘போதும்’ ஒன்றுக்காகவே இந்த வாரியம் தொடங்கப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. படித்த எவராலும் இதை எழுத முடியாது.”

“என்னாலயும் முடியாது சார்” என்றாள் பெட்ரோல். “நான் அதை எழுதவே இல்ல.”

“தானே ஒப்புக்கொண்டார்” என்றார் தலைவர். “குறித்துக்கொள்ளுங்கள். எழுதவில்லை.”

குறித்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்தேன். முதல்நிலை மரபுத்தாங்கியின் பதிவு செய்த வாக்கை மறுக்க அதைவிட மேல்நிலை மரபுத்தாங்கி ஒருவர் வேண்டும் என்றும், எனக்கு மேல் யாரும் இல்லை என்றும் விதியைப் படித்துக் காட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்கு மேல் யாரும் இல்லாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குப் போய் அது உதவவில்லை.

ஆனாலும் தலைவர் கருணை உள்ளவர். ஒரு வழி வைத்தார். பெட்ரோல் அந்தப் பாட்டை மூல வடிவத்தில், கேனோடு, பாடலாம். மரபுத்தாங்கியிடம் பத்து நாள் முறையாகப் பயின்று சான்று பெற வேண்டும். மற்ற ஏழு பாட்டும் ‘எழுதினவர் விவரம் நிலுவையில்’ என்று வரும். ஆல்பத்துக்கு எண் கிடைக்கும். வானொலியிலும் போடுவார்கள்.

“என் பேரு சொல்வாங்களா சார்?”

“பாடியவர் பெயருக்கு இடம் உண்டு” என்றார். “நேரம் இருப்பின்.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அதில் மாதமும் தெரிகிற மாதிரி. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் என் வீட்டுக்கு வந்தாள். வருகைப் பதிவேட்டில் நானும் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். மரபுத்தாங்கி உட்கார வேண்டும், பயில்பவர் நிற்க வேண்டும் என்பது விதி. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டு மணி நேரம் பங்க்கில் நின்றுவிட்டு வந்தவள் என் எதிரே நின்றாள். சுவர் இல்லாமல் அவள் குரலை அவ்வளவு பக்கத்தில் அப்போதுதான் கேட்டேன். இவ்வளவு நாளும் நான் கேட்டது பாதிதான் போலிருக்கிறது. கேன் வரி வந்தால் முகம் மாறாமல் பாடுவாள். ஐந்தாம் நாள் அதை அவள் பாடியதில் நானே பதிவேட்டில் கையெழுத்துப் போட மறந்துவிட்டேன். வாசலில் நின்று கேட்ட தண்ணிக்காரர் மறுநாள் தெரு முழுக்க ஆளுக்கு ஒரு கேன்தான் போட்டுவிட்டுப் போனார்.

“அந்த மூணாவது அடியை ஒரு தடவை பாடேன். கேட்டுக்கறேன்” என்றேன் கடைசி நாள்.

“அது மரபுல இல்லக்கா” என்றாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

ஆல்பம் வந்தது. முன் அட்டையில் தலைவர் ஒரு மரத்தடியில் நிற்கும் படம். வாரியத்தில் மரம் கிடையாது, வரைந்து சேர்த்திருந்தார்கள். பின் அட்டையில், அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்குக் கீழே, அவள் பெயர் இருந்தது. சான்று எண் ஒட்டுச்சீட்டை அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் பாதி தெரியும். சுரண்டினால் சான்று செல்லாது.

வானொலியில் போட்ட அன்று பெட்ரோல் விடுப்பு எடுத்திருந்தாள். அவர்கள் வீட்டில் கூடத்தில் உட்கார்ந்தோம். அம்மா இடது காதில் ரேடியோவை ஒட்டவைத்துக்கொண்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் பத்தில் இருந்தது. அறிவிப்பாளர் ஆரம்பித்தார். வழங்குவது நாட்டுப்பாடல் தரநிர்ணய வாரியம். முன்னுரை, தலைவர் பெயர். சேகரித்தவர், செருப்பு அறுந்தவர் பெயர். மரபுத்தாங்கி, என் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு, திருத்தமான உச்சரிப்பில். பரவல் முறை, சுவர் வழி. பாடலும் இசையும்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அறியப்படாதவர் என்றார் அறிவிப்பாளர். நேரம் இல்லை போலிருக்கிறது. உடனே பாட்டு வந்துவிட்டது.

பாட்டு முடிகிற வரை அந்த அம்மா அசையவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்தார். “உங்க பேரு சொன்னாங்களேம்மா, நல்லாக் கேட்டுச்சு. நல்ல பாட்டு. இவ குரல் மாதிரியே யாரோ பாடறா.” பிறகு மகள் பக்கம் திரும்பினார். “உன் பேரு எப்ப வரும்?”

“அடுத்ததா வரும்மா” என்றாள் பெட்ரோல், இடது காதருகே குனிந்து.

அம்மா மறுபடி ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டார். அடுத்தது வானிலை அறிக்கை. அதை முழுக்கக் கேட்டார்.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் விட்டுப்போச்சு என்று சொல்லக் கூடாது. நாற்பதாம் எண் பாட்டுக்காகச் சேகரிப்பாளருக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் நிலவறையின் ஒன்பது பென்சில் அம்மணியைக் கல்யாணம் செய்துகொண்டார். எந்தப் பிரிவின் இடத்தில் கல்யாணம் என்று தகராறு வந்து, கடைசியில் இரண்டுக்கும் நடுவே படிக்கட்டுத் திருப்பத்தில் நடந்தது. நான் ஏழாவது படியில் நின்று பார்த்தேன். தலைவர் ஓய்வு பெற்று, வாரியத்துக்கு நேர் எதிரே வீடு வாங்கிக்கொண்டு குடிபோனார். இப்போது ஜன்னல் வழியாக மக்களைப் பார்ப்பதாகக் கேள்வி. ஏழாம் ஜன்னல்காரர் காலமாகிவிட்டார். அவரும் ரகசியமாகப் பாட்டெழுதியிருக்கிறார் பாவம். மகன் சரியான படிவத்தோடு வந்தான், ஒரே நாளில் சான்று கிடைத்தது. என் சான்றிதழை என் வீட்டுக்காரர் கழற்றச் சொன்னார். கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக, இன்னும் நன்றாகத் தெரிகிறது.

பெட்ரோலுக்குக் கல்யாணம் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன். அம்மாவின் இடது காது ஆல்பம் வந்த ஐந்தாம் மாதம் நின்றுபோனது. அதன் பிறகு பக்கத்து வீட்டில் ரேடியோவும் இல்லை, காலையில் பாட்டும் இல்லை. அடுத்த மாதம் அவள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்க்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். பின்னால் நிஜமாகவே சோளக்காடாம்.

கிளம்பிய அன்று காலை வாசலில் லாரி நின்றது. கட்டில், பீரோ, ரேடியோ எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அம்மாவை முன்னால் உட்காரவைத்தாயிற்று. கிடார் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வந்தபோது நான் படியில் நின்றிருந்தேன்.

“போறதுக்கு முன்னால அந்த மூணாவது அடியை மட்டும் சொல்லிட்டுப் போம்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

“மணி ஆறு பத்தாச்சு அக்கா” என்றாள். “மோட்டார் போடுங்க.”

போய்ப் போட்டேன். லாரி கிளம்பிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை.